காருக்குப் பூட்டிய ஸ்பொய்லர்

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தன் நாட்டுக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை எழுபதுகளின் கடைசியில் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் முன்பக்க பம்பருக்குக் கீழே ஸ்பொய்லர் என்ற தகட்டைப் பூட்ட உட்கார்ந்தார். அவர் துளை போட்டு முடிக்கும்வரை அந்த நீளத் தகட்டை நான்தான் குந்தியபடி தாங்கிப் பிடித்திருந்தேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு.

"இது எதுக்குங்க?"

"வேகமாப் போறப்போ காத்து அடியில புகுந்து காரைத் தூக்கிரும். இது தூக்க விடாது."

ராகலை மலை ரோட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறியே எங்களை முந்திக்கொண்டு போகும். எங்கள் காரை எந்தக் காற்று தூக்கப் போகிறது? கை வலியில் அதைக் கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலைக் குளிரில் கார் வழக்கம்போல ஸ்டார்ட் ஆக மறுத்தது. பக்கத்து லயத்துத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஷெட்டிலிருந்து அதைப் பின்னால் தள்ள, எப்போதும் போல முன் பம்பருக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஸ்பொய்லர் கையோடு வந்துவிட்டது.

"ஐயா, இத எங்கங்க வைக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

கணவர் என் பக்கம் திரும்பினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை ஒன்னும் இல்லையே?"