எக்கோ இருப்பது எங்களுக்குத் தெரியும்

நினைவு மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றதும், அச்சகத்துக்காரர் பழைய மலர் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தார். அதில் மறைந்தவர் எப்போதும் சிரித்த முகத்துடன் இருந்திருக்கிறார், யாரையும் கடிந்து பேசியதில்லை, தன் கஷ்டத்தை வெளியே காட்டியதில்லை. நல்லவராக இருந்திருப்பார் போல. எங்கள் அக்கா அப்படி இல்லை. அக்கா நன்றாகவே கடிந்து பேசுவார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இருந்த காலம் முழுவதும் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அச்சில் வருகிறதே என்று இப்போது மரியாதை போட்டு எழுதுகிறேன். இதைப் படித்தால், "ஏட்டி, எனக்கு எப்பம் இம்புட்டு வயசாச்சு?" என்று கேட்பார்.

அக்கா பிறந்தது திருநெல்வேலியில், அம்மா பிறந்த வீட்டில். மூன்றாம் மாதம் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா அதற்கு முன்பே இங்கு வந்து, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம் ஒரு சந்தில் மைக் செட் கடை போட்டிருந்தார். கல்யாணம், கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம், கடை திறப்பு என்று எதற்கும் எங்கள் ஆம்ப்ளிஃபயரும் குழல் ஒலிபெருக்கியும் வாடகைக்குப் போகும். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் நாங்கள் நால்வரும் இருந்தோம். இரண்டும் பெண்ணாகப் போய்விட்டதே, இந்தத் தொழிலை நாளைக்கு யார் பார்ப்பார்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போவார்கள். இன்று அந்தக் கடையை நடத்துவது நான்தான். விசாரித்தவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

அக்காவுக்கு ஏழு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். விடுமுறை நாட்களில் மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியாது என்பதால் அப்பா அவரைத் தன்னோடு வேலைக்கு அழைத்துப் போனார். டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்தில் மைக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்து போவார்.

எங்கு செட் போட்டாலும் முதலில் மைக்கைச் சோதிக்க வேண்டும். மற்றவர்கள் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார்கள். அப்பா அக்காவின் கையில் மைக்கைக் கொடுத்து, "மக்களே, ரெண்டு வரி பாடு" என்பார். எங்கள் இருவரையுமே அவர் மக்களே என்றுதான் கூப்பிடுவார். குழல் எந்த இடத்தில் கிறீச்சிடுகிறது என்பது பேச்சைவிடப் பாட்டில்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. அக்கா படித்த சங்கீதப் பள்ளி அதுதான். மைக்குக்கு எவ்வளவு தள்ளி நிற்பது, மூச்சு இழுக்கும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது, காற்று அடித்தால் எப்படிக் கையை வைத்து மறைப்பது எல்லாவற்றையும் அங்கேதான் கற்றார். ராகத்தின் பெயர் கேட்டால் தெரியாது. ஆனால் கல்யாண வீடுகளில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு பாட்டில், பாடியவர் எந்தெந்த இடத்தில் மூச்சு விட்டிருக்கிறார் என்று வரிசையாகச் சொல்வார்.

அக்காவால் ஒரு வரியை ஒரே மூச்சில் பாட முடியாது. பாதியில் நிறுத்தி, மூச்சு எடுத்து, விட்ட இடத்தை மெதுவாக வந்து பிடிப்பார். கேட்டவர்கள் என்ன உருக்கம் என்று கண்ணைத் துடைத்தார்கள். பாவம், சோகமான பெண் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். சோகமாவது ஒன்றாவது. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். இருக்கிற மூச்சைக்கொண்டு எப்படிப் பாடுவது என்று அவரே ஒரு முறையை உண்டாக்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைத் திறமை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். இரக்கம் வேண்டாம்.

அவருக்குப் பதினோரு வயது இருக்கும்போது விழிஞ்ஞத்தில் ஒரு திருவிழா. சாயங்காலம் கானமேளா, அதாவது மேடைப் பாட்டுக் கச்சேரி. பாட்டுக் குழுவின் வண்டி வந்து சேரவில்லை. அக்கா வழக்கம்போல் இரண்டு வரி பாடினார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து நின்றார்கள். மூன்றாவது வரியை எடுத்ததும் விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மேடைக்கு அருகில் வந்து, "மதி, மோளே. டெஸ்டிங் கழிஞ்ஞல்லோ. இறங்கு" என்றார். போதும் மகளே, சோதித்துத்தான் முடித்துவிட்டாயே என்கிறார். அக்கா மைக்கை விடாமல், "டெஸ்டிங் கழிஞ்ஞு மாமா. இனி பாட்டாணு" என்றார். அது எட்டுத் திக்கும் கேட்டது. கூட்டம் சிரித்தது. விழாக் குழுக்காரர் அப்பாவைப் பார்த்து நிறுத்தும்படி கை காட்டினார். ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை சுவிட்சைத் தொடவில்லை. அடுத்த வருடம் அந்தத் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டதில்லை.

கல்லூரி முடித்த பிறகு அக்கா கானமேளாக் குழுக்களில் கோரஸ் பாடினார். கோரஸ் பாடுகிறவர்களின் பெயரை மேடையில் சொல்லமாட்டார்கள். பின்னால் நின்று பாடிவிட்டு, வீட்டுக்கு வந்து சொந்தமாகப் பாட்டு எழுதினார். பழவங்காடியில் சிதறு தேங்காய் உடைக்கிறவர்களைப் பற்றி ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் நம்முடைய எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒன்று. இப்படி எட்டுப் பாட்டு சேர்ந்தது. இடையில் ஒரு வரன் வந்தது. நெஞ்சில் கோளாறு இருப்பது பரவாயில்லை, பாட்டை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றார்கள். ஏதோ பெரிய மனசு பண்ணியதுபோல் சொன்னார்கள். அக்கா எழுந்து, அவர்கள் குடித்து முடிக்காத காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருபத்தாறு வயதில், இனி வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஓணம் கழிந்து ஆபரேஷன் என்று முடிவானது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியிலேயே அக்கா என்னிடம் சொன்னார்: "அதுக்கு முந்தி எட்டுப் பாட்டையும் ஆல்பமா முடிச்சிரணும். எம் பேரு போட்டு வரணும். கோரஸ்ல இல்ல." அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் கல்யாண ஜமுக்காளங்களைச் சுற்றித் தொங்கவிட்டுப் பதிவு செய்யும் இடம் ஆக்கினோம். கானமேளாக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் தனியாக வாசித்துக் கொடுத்தார். மைக்கை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்து, நான்கு மாதம் நான்தான் பதிவு செய்தேன். பிறந்ததிலிருந்து வயரோடு வளர்ந்தவள், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

எட்டையும் எடுத்துக்கொண்டு வஞ்சியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்கிருந்த எஞ்சினியர் ஹெட்போனை மாட்டினார். சற்று நேரத்தில் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"சேச்சி, இது அம்பலத்துல வெச்சு ரெக்கார்ட் செய்ததாணோ? எல்லாத்துலயும் எக்கோ உண்டல்லோ."

கோயிலுக்குள் வைத்துப் பதிவு செய்தீர்களா என்று கேட்கிறார். எங்கள் ஆம்ப்ளிஃபயரில் எக்கோவுக்கு ஒரு திருகு உண்டு. எக்கோ குறைந்தால் வாடகைக்கு எடுத்தவர்கள், சவுண்டு செத்துக் கிடக்கிறதே என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் பல வருடங்களுக்கு முன்பே அப்பா அந்தத் திருகைப் பாதிக்கு மேல் திருகி, அசையாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். அது அங்கே இருப்பதையே நாங்கள் மறந்துபோனோம். பதிவு செய்ததைத் தினமும் கேட்டோம். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எக்கோ இல்லாத குரலைக் கேட்டால்தான் என்ன கோளாறு என்று பார்ப்போம். மைக் செட் கடைக்காரர் வீட்டைத் தவிர வேறு எங்கும் இந்தத் தப்பு நடக்காது.

"அதை மட்டும் எடுத்துக் களைய முடியாதா?" என்று கேட்டேன்.

"சம்மந்தி அரச்ச பிறகு தேங்காயத் தனியா எடுக்கான் பற்றுமோ, சேச்சி?" என்றார். சட்னி அரைத்ததோடு ஒப்பிட்டு அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் நான் அழுதேன். அக்கா அழவில்லை. "இவ்வளவு வருசமா எக்கோவுலதான் பாடியிருக்கேன். இல்லாம பாடுனா எப்படி இருக்குன்னு நானும் பாக்கேன். ஒனக்கு என்னட்டி அழுகை? போய் மைக்கத் தொடச்சு வையி" என்றார்.

அப்போது அவரால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. இந்த முறை ஆம்ப்ளிஃபயர் பக்கமே போகாமல் மைக்கை நேரே கம்ப்யூட்டரில் சொருகினேன். ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து பாடினார். ஒரு நாளைக்கு நான்கு வரி, சில நாள் இரண்டு. எக்கோ இல்லாமல் அந்த மூச்சு அப்படியே கேட்டது. அதைக் குறைத்துவிடலாம் என்று எஞ்சினியர் சொன்னபோது, "அத எடுத்தா நான் எங்க இருக்கேன்? வேண்டாம்" என்றார். ஓணத்துக்குள் ஆறு பாட்டு முடிந்தது. ஏழாவதும் எட்டாவதும் பாக்கி. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் என் கையைப் பிடித்து, "வந்து ரெண்டையும் பாடுதேன். அந்த மைக்க வாடகைக்கு விட்டுறாத" என்றார். விடவில்லை. இன்றுவரை விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் மூளையில் ரத்தம் கட்டியது. ஐந்தாம் நாள் காலையில் அக்கா எங்களை விட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் பேசிய பேச்சை மட்டும் எழுதுகிறேன். எங்கள் தாய்மாமா, "பாட்டு பாட்டுன்னு கெடந்து நெஞ்சக் கெடுத்துக்கிட்டா. வீட்டுல சும்மா இருந்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பா" என்றார். பலர் தலையாட்டினார்கள். அம்மா காப்பித் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"ஏழு வயசுல வந்த காச்சல் பாட்டுப் பாடியா வந்துச்சு, அண்ணே?"

 மாமா இதையும் படிப்பார். படிக்கட்டும். ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுவதும் தன் காரையும் தன் தூக்கத்தையும் எங்களுக்குக் கொடுத்தவர் அவர். அதை மறக்கமாட்டோம். அவர் சொன்னதையும் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

பிறகு ஆல்பத்துக்கு வந்தார்கள். எக்கோ உள்ள இரண்டையும் விட்டுவிட்டு ஆறை மட்டும் வெளியிடலாம் என்று ஒருவர். அந்த இரண்டையும் வேறு நல்ல பாடகியை வைத்துப் பாட வைக்கலாம் என்று இன்னொருவர். துக்க வருடத்தில் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று மூன்றாவது ஒருவர். எல்லோரும் எங்கள் நன்மைக்கே சொன்னார்கள். அப்பா எழுந்து குடோனுக்குப் போனார். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது நகத்தால் அந்தக் கறுப்பு டேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "நான் ஒட்டுனதுதான மக்களே" என்றார். 

அன்று முடிவு செய்தேன். எட்டுப் பாட்டும் வரும். எட்டும் அக்காவின் குரலில் வரும். எட்டாவது பாட்டில் அம்மாவின் குக்கர் விசில் அடிப்பது எக்கோவோடு கேட்கும். அக்கா பாட்டை நிறுத்தி, விசில் அடங்கும்வரை இருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அதை எந்தப் பாடகியை வைத்துப் பாட வைப்பது?

இந்த ஒரு வருடமும் எங்களைத் தாங்கியவர்களுக்குக் கைகூப்புகிறோம். அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், கீபோர்டு வாசித்த நண்பருக்கும், எக்கோவைத் தொடாமல் வேலையை முடித்துக் கொடுத்த ஸ்டூடியோ எஞ்சினியருக்கும், நாங்கள் அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த சந்து வீடுகளுக்கும் நன்றி. விழிஞ்ஞத்திலிருந்து ரத்தம் கொடுக்க வந்தவர்களில் இரண்டு பேர், மேடையை விட்டு இறங்காத அந்தக் குழந்தையை நினைவிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் உள்ள சதுரத்தைப் போனில் காட்டினால் எட்டுப் பாட்டும் வரும். மேலே அக்காவின் பெயர் இருக்கும். அந்தப் பெயர் மட்டும்தான் இருக்கும். ஏழிலும் எட்டிலும் எக்கோ இருப்பது எங்களுக்குத் தெரியும். யாரும் அழைத்துச் சொல்ல வேண்டாம்.

அப்பா, நீங்கள் சுரண்டி எடுத்த இடத்தில் நான் புதுக் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். திருகு பழைய இடத்திலேயே இருக்கிறது. இன்று பூஜையும் சாப்பாடும் முடிந்ததும் நம் சந்தின் இரண்டு முனையிலும் கட்டியிருக்கும் குழல்களில் எட்டுப் பாட்டும் போடுவோம். ஆம்ப்ளிஃபயர் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். யார் வந்து கை காட்டினாலும் என் இரண்டு கையும் தொடைக்குக் கீழேதான் இருக்கும்.

தங்கை