பாலத்துப் பேய்க்கு வந்த பதில்

ஒரு கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தால் இரண்டுக்கும் பதில் எழுத வேண்டும். ஒன்றுக்கு இப்போது பதில் இல்லையென்றால், இல்லை என்பதையாவது எழுத வேண்டும். இருபது வருடங்களுக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து, புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சலித்து, வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். என் விஷயத்தில் இந்த விதியை முதலில் மீறியவர் அம்மா.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். எனக்குப் பத்து வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து நகரமான ஹட்டனில் கொழும்பு பஸ் உறுமிக்கொண்டு நிற்க, எட்டு மாதத் தம்பியை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் புடிச்சிக்கடா" என்றார். பிடித்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

மறு வருடம், ஊர் திரும்பிய ஒரு பெண்ணிடம் கையடக்கமான வீடியோ கேம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அம்மா வேலை செய்த வீட்டுப் பையன் விளையாடித் தீர்த்தது. ஜப்பான் விளையாட்டு, எழுத்தும் ஜப்பான். வாள்வீரன் ஒருவன் காடு மலையெல்லாம் தாண்டி ஒரு மரப்பாலத்துக்கு வருவான். அங்கே தலைவிரிகோலமாக, பாதமில்லாமல், ஒரு பெண்பேய் நின்று கையிலிருக்கும் குழந்தையை நீட்டும். வெட்டினால் பேய் இரண்டாகும். இரண்டையும் வெட்டினால் நாலு. மூன்று மாதம் வெட்டினேன். பட்டரி தீரும்போதெல்லாம் அடுப்போரம் சூடுகாட்டி மறுபடி வெட்டினேன்.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த அத்தை, அப்பாவின் அக்கா, கூடையை இறக்காமலே எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி, அவளையாடா வெட்டுற? புள்ளத்தாச்சியா செத்தவடா. அப்படிச் செத்தவளுக்கு நம்ம ஆளுங்க சுமதாங்கிக் கல்லு நட்டு வப்பாங்க. புள்ளய வாங்கி அந்தக் கல்லுல எறக்கு, போயிருவா."

"இது ஜப்பான் பேய் அத்தை."

"எந்த நாட்டுப் பேயா இருந்தா என்னடா, கை வலிக்காதா?"

பாலத்தருகே ஒரு கல் இருக்கத்தான் செய்தது. குழந்தையை வாங்கினேன். வாங்கியதும் அது கனக்கத் தொடங்கியது. வீரனின் முழங்கால் மடங்கியது. கல்லில் இறக்கினேன். பேய் ஓலமிட்டு அவனை ஆற்றில் தள்ளியது.

"அவ ஊருல கல்லுக்கு மரியாத இல்ல போல" என்று அத்தை தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

அன்றே, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எழுதினேன். கேள்விகள் இரண்டு. அந்தப் பேயை எப்படி ஜெயிப்பது என்று வீட்டுப் பையனிடம் கேட்டு எழுதவும். இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறதே, நீங்கள் எப்போது வருவீர்கள்?

பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அப்பா முதலில் வாசித்தார். காகிதத்தைத் திருப்பி, வெறுமையாய்க் கிடந்த பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னிடம் தந்துவிட்டு வெளியே போனார்.

"பையன்கிட்ட கேட்டேன்பா. அவள அடிக்கக் கூடாதாம். புள்ளய வாங்கிக்கிட்டு, கீழ வைக்காம நிக்கணுமாம். ரொம்பக் கனக்குமாம். அப்பவும் வைக்கக் கூடாதாம். விடியிற வரைக்கும் நின்னா அவளே வந்து வாங்கிக்குவாளாம்."

கடிதத்தில் அவ்வளவுதான். சொன்னபடியே நின்றேன். விடிந்தது. பேய் குழந்தையை வாங்கிக்கொண்டு, குனிந்து வணங்கி மறைந்தது. லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கக் கத்தினேன். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்பா அந்த வெற்றுப் பக்கத்தில் எதைத் தேடினார் என்று யோசிக்கவேயில்லை.

இரண்டாவது பதில் நேரில் வந்தது. ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றது. தம்பி என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அவனுக்கு ஐந்து வயது நடந்த வருடம், தைப்பொங்கலுக்கு மறுநாள்.