கெர்னல் மாறிய திங்கட்கிழமை

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் பதினொரு வருடம் கணினிகளைப் பார்த்துக்கொண்டேன். பெயருக்கு ஐ.டி. பிரிவு, ஆள் நான் ஒருவன்தான். ஸ்கேன் படங்களை முப்பரிமாணத்தில் காட்டும் கணினி லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது. அது ஓடும்வரை என்னை யாரும் தேடமாட்டார்கள். சில நாள் யாரிடமும் பேசாமலே வீடிருக்கும் நீடாமங்கலத்துக்கு ரயிலேறியிருக்கிறேன்.

1. கறுப்புத் திரை

ஒரு சனிக்கிழமை மாலை அப்டேட் போட்டேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக இறங்கியது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால், ரீஸ்டார்ட் செய்து பார்க்காமல் அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கள் காலை டெக்னீஷியன் ஸ்டெல்லா கணினியைப் போட்டார். திரை கறுப்பாகவே நின்றது. அறுவடை இயந்திரத்திலிருந்து விழுந்து தாடை நொறுங்கிய ஒருவர் ஆபரேஷனுக்குக் காத்திருந்தார்.

எனக்குக் காரணம் உடனே புரிந்தது. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் திரையில் படம் வரவைக்கும் கிராபிக்ஸ் டிரைவரை அதற்கேற்ப மறுபடி உருவாக்க, அதாவது பில்ட் செய்ய வேண்டும். அதற்குத் தேவையான, புதிய கெர்னலின் ஹெடர் ஃபைல்களை நான் இறக்கவில்லை.

சர்ஜன் பின்னால் வந்து நின்றார். "யாரு இதுல கை வச்சது?"

"நான்தான் டாக்டர். அப்டேட் போட்டுட்டுப் பார்க்காம போயிட்டேன்."

அவர் திட்டவில்லை. எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் கேட்டார். கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில், இன்னும் அழியாமல் இருந்த பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். படம் வந்தது. எல்லோரும் படத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்; நான் வெளியே வந்தேன்.

வராந்தாவில் அடிபட்டவரின் மனைவி நின்றிருந்தார். "மெஷினு ரிப்பேருன்னாங்களே, சரியாயிடுச்சுங்களா?"

ஆகிவிட்டது என்றேன். "நல்லா இருங்க தம்பி" என்றார். பழுதாக்கியதே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

2. சுவரில் ஒரு தாள்

மதியம் ஹெடர்களைப் போட்டு, டிரைவரை பில்ட் செய்து, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டிலும் ஆள் கிடையாது. ஒரு தாளில், திரை வராவிட்டால் என்ன செய்வது என்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஸ்டெல்லா நின்று படித்தார். அவரையே ஒரு முறை செய்துபார்க்கச் சொன்னேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது போன் வந்தது. தானாக இறங்கிய அப்டேட்டில் அதே கோளாறு.

"பழைய கெர்னல்ல போட்டுட்டேன் சார், படம் வந்துடுச்சு. நீங்க எழுந்து வராதீங்க" என்றார் ஸ்டெல்லா. கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்றும் கேட்டார்.

என்னைப் போல் கணினி பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அப்டேட் போட்டால் ரீஸ்டார்ட் செய்து, திரை வந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய கெர்னலை அழிக்காதீர்கள். செய்வதை இன்னொருவருக்கும் காட்டிவிடுங்கள். எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதைப் பெருமையாக நினைத்தே பத்து வருடத்தைத் தனியாகக் கழித்துவிட்டேன்.