மலையேரிக்குப் போன யோகம்

டோர்ட்மண்டில் ட்ராம் ஓட்டும் யோகமலரை எல்லோரும் யோகம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக அதே டிப்போவில் வேலை. குடித்துவிட்டு ஏறிச் சத்தம் போட்ட ஒருவனை, ட்ராமை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவன் தானாக இறங்கும்வரை பதினொரு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள். வேலையில் அப்படிப்பட்ட பெண், புருஷன் வீட்டு விசேஷங்களில் மட்டும் வாய் திறக்கமாட்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

யோகத்தின் தகப்பன் யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான மயிலிட்டியில் மீன் பிடித்துப் பிழைத்தவர். புருஷன் பாஸ்கரன் அது தெரிந்துதான் அவளைக் கட்டினார். அகதி முகாமில் பழக்கம், ஒருவரையும் கேளாமல் பதிவுத் திருமணம். ஆனால் பாஸ்கரனின் தமையன் சிற்றம்பலத்துக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. தம்பி கட்டிவிட்டான், இனிச் சாதிசனத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்து, அவரே ஒரு கதையைச் சோடித்தார். பெண்ணின் தகப்பன் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர் என்று வரவேற்புக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். யோகம் புதுச்சேலையுடன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள். அன்றைக்கு மறுக்கவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம், மறுக்கத் தோதான நாள் வரவேயில்லை.

கடற்கரையில் பிறந்தவள் என்பதால் அவளுக்கு மீன்பிடி தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. அங்கே பெண்பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். மீனை வெட்டத் தெரியும், உப்பிட்டுக் காயவைக்கத் தெரியும். பிடிப்பது ஆண்களின் வேலை. அவள் முதன்முதலில் தூண்டிலைத் தொட்டது ஐம்பத்திரண்டாவது வயதில், டோர்ட்மண்ட் கால்வாய்க் கரையில், ஹைக்கேயின் தூண்டிலைத்தான். ஹைக்கே அவளுடன் அதே டிப்போவில் ட்ராம் ஓட்டுகிறவள். அவள் சிகரெட் பற்றவைக்கப் போன நேரத்தில் தூண்டிலைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்றாள். அந்த நேரம் பார்த்து மீன் இழுத்தது. அதிலிருந்து யோகத்துக்கு வேறு பொழுதுபோக்கே தேவைப்படவில்லை.

இந்த நாட்டில் பரீட்சை எழுதாமல் மீன் பிடிக்க முடியாது. அறுபது கேள்விகள், பார்த்துப் பெயர் சொல்ல மீன் படங்கள், அதன் பிறகு பரிசோதகருக்கு முன்னால் ஒரு தூண்டிலை முழுதாகப் பூட்டிக் காட்ட வேண்டும். யோகம் வேலை முடிந்து வந்து, ஜெர்மன் மீன் பெயர்களைச் சமையலறை அலுமாரிக் கதவுகளில் ஒட்டிவைத்துப் படித்தாள். அன்றைக்கு எழுதிய பதினெட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண். பாஸாகி, படம் ஒட்டிய உரிமத்துடன் வீட்டுக்கு வந்தபோது, பாஸ்கரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை அண்ணைக்குக் காட்டவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஹைக்கே அவளுக்கு மலையேரியைப் பற்றிச் சொன்னாள். தெற்கே, ஆல்காய் மலைகளில், ஆயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி. அதில் ஃபொரெல்லே என்று இங்கே சொல்லும் ட்ரவுட் மீன் உண்டு. குளிர்காலம் முழுக்க ஏரி உறைந்து கிடக்கும்; பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் இறக்க வேண்டும். ஆனால் பெப்ரவரி முடியும்வரை அந்த மீனைப் பிடிக்கச் சட்டம் விடாது. ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்துவிடும். இடையில் கிடைப்பது மார்ச் மாதம் ஒன்றுதான். அதிலும் ஏரிக்காரர் மார்ச் கடைசிச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒருவரையும் பனியில் இறங்க விடுவதில்லை.

இரண்டு வருடம் திட்டம் போட்டும் போக வாய்க்கவில்லை. ஒரு வருடம் வேலைமுறை ஒத்துவரவில்லை, மறு வருடம் பனி முன்னமே உருகிவிட்டது. இந்த வருடம் ஹைக்கேக்கு மே மாதத்தில் முழங்கால் ஒப்பரேஷன். அதன் பிறகு அவள் மலை ஏறுவாளா என்பது டொக்டருக்கே தெரியாது. ஆகவே யோகம் தை மாதமே கடைசிச் சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய கலண்டரில் பெரிதாக வட்டம் போட்டாள். கீழே ஒரு தாளில் பனியின் தடிப்பைக் குறித்து வந்தாள். வாரத்துக்கு ஒரு தடவை ஏரிக்காரருக்குப் போன் எடுப்பாள். நாற்பத்தாறு சென்டிமீட்டர், நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு. கண்ணாடி மாதிரித் தெளிவான ஐஸ் எத்தனை, மேலே படிந்த வெள்ளை ஐஸ் எத்தனை என்று தனித்தனியாகக் கேட்பாள். வெள்ளை ஐஸ் பாதிப் பாரம்தான் தாங்கும். துளை போடும் பெரிய திருகு, கயிறு, தண்ணீரில் விழுந்தால் பனியில் குத்தி ஏறிவரக் கழுத்தில் மாட்டும் இரண்டு ஆணிப்பிடிகள், சாமான் இழுக்க ஒரு சறுக்குவண்டி எல்லாம் மகளின் பழைய அறையில் சேர்ந்தன.

மகள் கிருசாந்தி மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். ஹம்பேர்க்கில் இருக்கும் துவாரகனை விரும்பியிருந்தாள். பெடியனின் தாய் தகப்பன் பெண் பார்க்க வரவேண்டும் என்ற பேச்சு தை மாதத்திலிருந்தே நடந்தது. நாளைக் குறித்தவர்கள் பாஸ்கரனும் சிற்றம்பலமும். கலண்டரில் வட்டம் போட்ட அதே சனிக்கிழமையை அவர்கள் குறித்தார்கள்.

யோகம் அதை அறிந்தபோது மூன்று வாரம்தான் இருந்தது. வேறு நாள் வைக்கச் சொன்னாள். பாஸ்கரன் தமையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தமையன் பதில் சொல்ல நேரிலேயே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கோயில் கூட்டம் முடிந்த கையோடு வந்தவர், நெற்றியில் திருநீறுடன் சோபாவில் உட்கார்ந்து, தேத்தண்ணியைத் தொடாமல், நல்ல நாள் பார்த்துத்தான் வைத்தோம், அவர்கள் மதிப்பான ஆட்கள் என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“யோகம், பெட்டையின்ர வாழ்க்கை இது. நீ ஐஸில மீன் பிடிக்கப் போனதெண்டு தெரிஞ்சா, அவையள் நாலு பேரைக் கேப்பினம். கேட்டா எல்லாம் வெளியில வரும்.”

“எது வெளியில வரும், பெரியத்தான்?”

அவர் பாஸ்கரனைப் பார்த்தார். பாஸ்கரன் ஜன்னலைப் பார்த்தார்.

“என்ர அப்பா மீன் பிடிச்சவர். அதுதானே?” என்றாள் யோகம். “அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது. எனக்கு வரும்.”

சிற்றம்பலம் எழும்பிவிட்டார். முப்பது வருடமாகக் குடும்ப மானத்தைக் காப்பாற்றியது தான்தான் என்று வாசலில் சப்பாத்து மாட்டியபடி தம்பியிடம் சொன்னார்.

அன்றிரவே யோகம் கிருசாந்தியைக் கூப்பிட்டு, அம்மப்பா கடலுக்குப் போனவர் என்பது துவாரகனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். கச்சேரிக் கதையைத்தான் சொன்னதாக மகள் ஒத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகியது வாயில் வந்துவிட்டது, பிறகு திருத்தப் பயமாக இருந்தது என்றாள். யோகம் அவளை ஏசவில்லை. தான் சொல்லாததை மகள் எப்படிச் சொல்வாள்? இன்றைக்கே அவனிடம் சொல், நாளைக்கு நான் அவனுடைய தாயிடம் சொல்கிறேன் என்றாள். அதனால் கலியாணம் நின்றால் என்ன செய்வது என்று கிருசாந்தி கேட்டாள். நிற்கிற கலியாணம் பிள்ளை பிறந்த பிறகு முறிவதைவிட இப்போது நிற்கட்டும் என்று தாய் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் வேலைக்கு முன்னால், டிப்போவின் சாப்பாட்டு அறையில் இருந்துகொண்டு, துவாரகனின் தாய் சுபத்ராவுக்குப் போன் எடுத்தாள். இருவரும் அதற்கு முன் பேசியதில்லை.

“சுபத்ரா அக்கா, நான் கிருசாந்தியின்ர அம்மா. நீங்கள் வாற சனிக்கிழமை நான் வீட்டில இல்லை. மலையில மீன் பிடிக்கப் போறன். அதுக்கு அடுத்த கிழமை வந்தா நல்லது.”

மறுமுனையில் அவர் என்ன மீன், என்ன மலை என்று குழம்பினார். யோகம் விளக்கினாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, “இன்னொண்டும் இருக்கு. என்ர அப்பா கிளாக்கர் இல்லை. மயிலிட்டியில கடலுக்குப் போனவர். இவ்வளவு நாளும் பொய் சொல்லிப்போட்டம். இனிச் சொல்ல ஏலாது” என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சுபத்ரா போனை வைத்தார். யோகம் சீருடையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போய் ட்ராமை எடுத்தாள். அன்றைக்கு ஒரு தரிப்பிடத்தில்கூட ஒரு நிமிடம் பிந்தவில்லை.

ஹம்பேர்க்கிலிருந்து பதில் இல்லை. சனிக்கிழமை வருவதும் நின்றுபோனது. பாஸ்கரன் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். புறப்படுவதற்கு முதல் நாள் ஏரிக்காரர் முப்பத்தொரு சென்டிமீட்டர் என்றார், அதில் மூன்றிலொரு பங்கு வெள்ளை. போதும் என்று யோகம் முடிவெடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க ஹைக்கேயுடன் மாறி மாறிக் கார் ஓட்டிப் போய், மலையடிவாரத்தில் தங்கி, சனிக்கிழமை விடிய ஏறத் தொடங்கினார்கள். வெயில் ஏறினால் பனி குழைந்துவிடும். சறுக்குவண்டியை யோகம்தான் இழுத்தாள். ஹைக்கே இரண்டு தடிகளை ஊன்றி, ஜெர்மனில் உள்ள கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஏரியைக் கண்டதும் யோகம் பனியில் இறங்கவில்லை. இவ்வளவு சண்டை பிடித்து வந்து கரையில் நின்றாள். ஓடை விழும் பக்கம் ஐஸ் மெலிந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஹைக்கே கிட்டவாக இருக்கிறதே என்று அங்கே போகப் பார்த்தாள். யோகம் விடவில்லை. முழங்கால் வலித்தாலும் சுற்றித்தான் போகவேண்டும் என்று நிழல் பக்கமாகக் கூட்டிப்போனாள். ஆணிப்பிடிகளைக் கழுத்தில் போட்டு, கரையிலிருந்து மூன்றடியில் முதல் துளையைத் திருகி, அளவுகோலை விட்டுப் பார்த்தாள். இருபத்தொன்பது. இன்னும் பத்து அடி போய் இன்னொன்று. முப்பத்திரண்டு. அதன் பிறகுதான் நிமிர்ந்து நடந்தாள்.

ஒன்பது மணிவரை ஒன்றும் தொடவில்லை. ஹைக்கேக்கு இரண்டு மீன் விழுந்தது. பத்தரைக்கு யோகத்தின் சின்னத் தூண்டிலின் நுனி ஒருமுறை அசைந்து நின்றது. அவள் அசையவில்லை. இரண்டாம் தடவை அது நன்றாக வளைந்தபோது தூக்கினாள். மீன் துளைக்கு வந்து திரும்பி ஓடியது, விட்டுக் கொடுத்தாள், இழுத்தாள், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தாள். முப்பத்தாறு சென்டிமீட்டர், மேலெல்லாம் சிவப்புப் புள்ளி. ஹைக்கே படம் எடுத்தாள். யோகம் அதைக் குடும்ப வட்சப் குழுவில் போட்டாள். சிற்றம்பலமும் இருக்கும் குழுதான். கீழே ஒரு வரியும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை சுபத்ராவின் போன் வந்தது.

“யோகம், நான் பொய் சொல்லமாட்டன். இத்தனை நாளும் எனக்கு நித்திரையில்லை. எங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டுதான் யோசிச்சன். என்ர மகனும் சொல்லிப்போட்டான், நாங்கள் வராட்டியும் அவையள் கலியாணம் பதிவு செய்வினமாம். ஞாயிறு வாறம்.”

“வாங்கோ, அக்கா. மீன் சாப்பிடுவியள்தானே?”

“சாப்பிடுவம்,” என்றார் சுபத்ரா. சந்தோஷமாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தார்கள், சாப்பிட்டார்கள், ஆவணி மாதத்துக்கு நாள் குறித்தார்கள்.

சிற்றம்பலம் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றார். அழைப்பிதழில் பெண்ணின் அம்மப்பாவின் பெயருக்கு முன்னால் ஊரைப் போடும் இடத்தில் பாஸ்கரன் யாழ்ப்பாணம் என்று பொதுவாக எழுதியிருந்தார். யோகம் வெட்டிவிட்டு மயிலிட்டி என்று எழுதினாள். பாஸ்கரன் தாளைக் கையில் எடுத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டு எழுத்துப்பிழை பார்த்து, தன் கையாலேயே அச்சகத்துக்கு அனுப்பினார்.

சொன்னபடியே சிற்றம்பலம் வரவில்லை. அவரோடு சேர்ந்து பதினைந்து இருபது பேர் வரவில்லை. மண்டபம் அதற்காக வெறிச்சோடிவிடவில்லை. தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்குச் சனம் எழும்பும்போது, யோகம் அதுவரை கண்டிராத ஒரு பெண், மாப்பிள்ளை பக்கத்து உறவு, நகை நிறையப் போட்டவள், அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அழைப்பிதழ் அவள் கையில் இருந்தது. நீங்கள் மயிலிட்டியோ என்று கேட்டாள். ஓம் என்றாள் யோகம். அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, “நானும்...” என்று தொடங்கி, மிச்சத்தை உதடு மட்டும் அசையச் சொன்னாள்.

“பலமாச் சொல்லுங்கோ, அக்கா,” என்றாள் யோகம். “மேளச் சத்தத்தில கேக்கேல்ல.”