புகைப்புரையில் தொங்கிய கோட்டு

விரலால் ஒரு பக்கமாகத் தடவினால் வெளுக்கும், மறுபக்கமாகத் தடவினால் கறுக்கும். கன்றுக்குட்டியின் காதைப் போல மெத்தென்று இருக்கும் அந்தத் தோலில் ஆள்காட்டி விரலால் என் பெயரை எழுதிப் பார்த்து, அம்மா வருவதற்குள் உள்ளங்கையால் அழித்துவிடுவது பத்து வயதில் எனக்கு ரகசியமான விளையாட்டு. ஸ்வேட் என்ற சொல்லெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. தோலின் உள்பக்கத்தை உரசி உரசிப் பொடிமயிர் எழும்பச் செய்து தைத்த, இளம்பழுப்பு நிறமான அந்தக் குளிர்ச்சட்டைக்கு எங்கள் வீட்டில் ‘கோட்டு’ என்றுதான் பெயர். ஒற்றசேகரமங்கலம் தாண்டி அம்பூரிக்கு ஏறுகிற வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவில், ஆண்கள் பாதி நாள் மேலில் சட்டையே போடாத ஊரில் அதற்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை.

அம்மா பாறசாலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளோடு முன்பு வேலை பார்த்து, பிறகு இங்கிலாந்துக்குப் போன ரோஸ்பாய் அக்கா லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தக் கோட்டு. “வந்து இறங்குற அன்னைக்கே வேண்டிவரும், வச்சுக்கோ” என்று அவள் சொன்ன நேரத்தில் அம்மா அங்கே வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் கோட்டு அலமாரிக்குள் ஏறிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. வழியில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அம்மா கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடுவாள். அவர் நிற்காமல் போனால் திரும்பிவந்து, அடுப்பைக்கூடப் பார்க்காமல், நேராக அலமாரியைத் திறப்பாள்.

கோட்டைப் பராமரிக்கும் விதிகளை ரோஸ்பாய் அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். தண்ணீர் தொடக்கூடாது, சோப்பு கூடாது, எண்ணெய் கூடவே கூடாது. வெயிலில் காயப்போடக் கூடாது. நிழலில் காற்றாட விடலாம். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும் என்பதால் பழைய பருத்தி வேட்டியால்தான் போர்த்த வேண்டும். தோள் சரியாமல் இருக்க அகலமான ஹேங்கர், கை ஒடுங்காமல் இருக்க உள்ளே சுருட்டிய நாளிதழ். தினமும் காய்ந்த பிரஷால் ஒரே திசையில் வாரிவிட வேண்டும், கறை கண்டால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்க்க வேண்டும். என்னுடைய ரப்பர்களெல்லாம் அப்படித்தான் ஒவ்வொன்றாக அம்மாவின் கைக்குப் போயின. வாசனை ரப்பரை மட்டும் நான் கொடுக்கவில்லை. கோட்டில் சிவப்பு ஒட்டிவிடும் என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்தேன்.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் விதிகள் போதாமல் போயின. எங்கள் ஊர் மழையில் பூக்காத பொருள் கிடையாது; செருப்பு பூக்கும், பெல்ட் பூக்கும், அலமாரிக்குள் வேதப்புத்தகத்தின் அட்டையும் பூக்கும். இந்த வெள்ளைப் பூஞ்சைக்கு எங்கள் பேச்சில் ‘பூப்பல்’ என்று பெயர். அது கோட்டில் ஏறிவிடாமல் இருக்க, அம்மா வேலை முடிந்து வந்து உடை மாற்றுவதற்கு முன்பே பிரஷும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “மக்கா, இந்தக் கோட்டு இல்லாத அங்க போனா நான் தணுத்துச் சத்துப்போவேனாக்கும்.”

கோட்டு இல்லாமல் போனால் குளிரில் செத்துப்போவேன் என்று அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். கோட்டு இல்லையென்றால் அம்மா போகமாட்டாள்.

அப்பா ரப்பர் வெட்டுகிறவர். சொந்தமாக இருந்த கொஞ்சம் மரங்களில் தானே பால் எடுத்து, உறையவைத்து, உருளையில் அழுத்தி, ‘ஷீட்டு’ ஆக்கி, வீட்டின் பின்னால் இருந்த புகைப்புரையில் கம்புகளில் தொங்கவிட்டுப் புகைபோடுவார். அம்மா போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லிக் கேட்டதில்லை. விண்ணப்பத் தாள்களை நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் நகலெடுத்து வந்தவரே அவர்தான். “போட்டு. பிள்ளைக்கு நல்லதாக்கும்” என்பார்; போகட்டும் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம் வரும். இந்த மனுஷனுக்குக் கொஞ்சமும் விசனம் இல்லையா என்று தோன்றும்.

மழை உச்சத்தில் இருந்தபோது அந்த வேலைக்காகக் கொச்சியில் ஒரு வாரப் பயிற்சிக்கு அம்மாவை அழைத்தார்கள். போகும்போது பிரஷை என் கையில் கொடுத்து, காலையும் மாலையும் வாரிவிட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் தலையாட்டினேன். அவள் பஸ் ஏறிய அன்றே பிரஷை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. நான் நிமிஷத்துக்கு நிமிஷம் போய் அலமாரியைத் திறந்து பார்ப்பேன். கோட்டு சுகமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவில்லை, வீட்டில் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பொறுமை போய், குளித்துவிட்டுத் தலை துவட்டிய ஈரத் துவர்த்தைப் பிழியாமல் கோட்டின் மேல் சுற்றி அலமாரியைப் பூட்டினேன். மறுநாள் திறந்தபோது காலரிலும் கைமடிப்பிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. சந்தோஷம்தான் முதலில் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. துவர்த்தை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பள்ளிக்கூடம் போனேன்.

மாலையில் வந்தபோது அப்பா கோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடு அறையில் நின்றிருந்தார். “எட்டி, நீ பிரஷ் போட்டியா?” என்று கேட்டார். போட்டேன் என்றேன். “பின்ன இதெப்படிப் பூத்து? அவ வந்து கண்டா என்ன சொல்லுவா?” என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோஸ்பாய் அக்காவின் தாள் அம்மாவின் பையோடு கொச்சிக்குப் போயிருந்தது. பூப்பல் பிடித்த ஷீட்டை என்ன செய்வது என்று அப்பாவுக்குத் தெரியும். ஈரத்துணியால் துடைத்து, திரும்பவும் புகையில் போடுவார்கள். கோட்டையும் அதே மாதிரி ஈரத்துணியால் அழுந்தத் துடைத்து, புகைப்புரையில் ஷீட்டுகளுக்கு நடுவே ஒரு கம்பில் போட்டு, தேங்காய் உரித்த கதம்பலும் ரப்பர் விறகும் அடுக்கித் தீமூட்டிக் கதவை அடைத்தார்.

மூன்று நாள் கழித்து வெளியே எடுத்தபோது அது ஷீட்டின் நிறத்தில் இருந்தது. மொரமொரவென்று விறைத்து, முதுகின் குறுக்கே கம்பின் தடம் விழுந்து, பத்தடி தள்ளி நின்றாலும் மூக்கில் ஏறும் புகைவாடையோடு, மேசைமேல் வைத்தால் தானே நிமிர்ந்து நின்றது. பூப்பல் மட்டும் சுத்தமாகப் போயிருந்தது.

அன்று மாலையே அம்மா வந்தாள். பையைக் கீழே வைக்காமல் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“போட்டு, போட்டுன்னு சொல்லிச் சொல்லி, நான் போகப்பிடாதுன்னு செஞ்ச வேலையாக்கும் இது.”

“பூப்பல் பிடிச்சிருந்து ஸ்டெல்லா. நான் அறியாத...”

“நிங்க ஒண்ணும் சொல்லண்டாம். எனக்குத் தெரியும்.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நான்தான் செய்தேன் என்று சொல்ல ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். நான் வைக்கவில்லை. அப்பா தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிப் போனார்.

ஒரு வாரம் அம்மா அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டினாள். சோற்றுப்பானையின் ஆவியில் காட்டி இளக்கினாள், சாக்பொடி தூவி வைத்து மறுநாள் தட்டினாள், பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாள். என் வாசனை ரப்பரையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தோல் ஓரளவு இளகியது, நிறம் திரும்பவில்லை. அதற்குள் வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. மேகம் மூடிய ஒரு காலை நேரத்தில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், வேர்த்து ஒழுகிக்கொண்டு, அந்தக் கறுத்த கோட்டையே போட்டுக்கொண்டு அம்மா உள்ளே போனாள். என்னை முத்தமிட்டாள். அப்பாவிடம் “வாறேன்” என்று மட்டும் சொன்னாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பதினெட்டு வருஷம் அங்கே இருந்தாள். முதல் சில வருஷங்கள் போனில் என்னோடு பேசிவிட்டு வைத்துவிடுவாள். அப்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு காலம் இளக்கியது, லீவுகள் வந்துபோயின, அவர்களும் எல்லாத் தம்பதிகளையும் போலப் பேசவும் சண்டையிடவும் தொடங்கினார்கள். ஆனால் எந்தச் சண்டையும், கறிக்கு உப்பு கூடியதானாலும், “எனக்க கோட்டைப் புகைபோட்ட மனுஷனாக்கும்!” என்ற இடத்தில்தான் போய் முடியும். அப்பா சிரிப்பார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். நான் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன்.

அம்மா திரும்பிவந்து மூன்று வருஷம் ஆகிறது. கோட்டை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். பழைய ரப்பர் மரங்களை வெட்டியாயிற்று. புதிய மரங்களின் பால் கேனோடு வண்டியில் போகிறது, ஷீட்டு அடிக்க ஆளில்லை. புகைப்புரையை இடித்த இடத்தில் என் கணவரின் கார் நிற்கிறது. போன மாதம் அம்மா சபையின் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அப்பாவும் நானும் தனியாக இருந்தபோது, இனியும் முடியாது என்று தோன்றி எல்லாவற்றையும் சொன்னேன். ஒளித்துவைத்த பிரஷ், ஈரத் துவர்த்து, பொய், கதவுக்குப் பின்னால் நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் தப்புச் செய்யாத மனிதரை ஏச்சு வாங்கவைத்தேனே என்று அழுதேன்.

அப்பா தோளில் கிடந்த துவர்த்தை என்னிடம் நீட்டினார்.

“அழாத மக்கா. போட்ட அன்னைக்கு மறுநாள் உச்சைக்கு நான் கதவைத் தொறந்து பாத்தேன். கறுக்கத் தொடங்கியிருந்து. அப்பவே எடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.” புகைப்புரை இருந்த பக்கம் திரும்பினார். “எடுக்கல்ல. இன்னும் கொஞ்சம் விறகு வச்சிட்டுக் கதவை அடைச்சேன்.”

நாங்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தபோது அம்மா வந்துவிட்டாள். என் முகத்தைக் கண்டு, என்னவென்று கேட்டு, விடாமல் கேட்டு, கடைசியில் அப்பாவே சொன்னார். என் பங்கை நான் சொன்னேன். அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கோட்டு போனாப் போட்டு,” என்றாள். “ரெண்டு பேரில ஒருத்தராவது வாயத் தொறந்து போகண்டாம்ன்னு ஒரு வாக்கு சொல்லுவியளான்னு, அந்த ஏர்போர்ட்டுக் கண்ணாடிக் கதவு வரைக்கும் நான் பாத்திட்டாக்கும் போனேன்.”

அப்பா எழுந்து முற்றத்துக்குப் போனார். எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை.