ஏழுமலை வீட்டு மதர்போர்டு

முதன்முதலாகக் கேமிங் பிசி கட்ட வருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு லிஸ்டோடுதான் வருவார்கள். யூடியூபில் யாரோ ஒருவர் சொன்ன லிஸ்ட். அதில் பாதி சாமான் எங்களிடம் ஸ்டாக் இருக்காது, மீதிப் பாதி அந்த விலைக்கு எங்கேயுமே கிடைக்காது. இதை ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது விளக்கிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் விழுப்புரத்தில் ஒரு கடையில் வேலை, அதை மூடிய பிறகு திண்டிவனத்தில் இந்தக் கடையில். வீடு இன்னும் விழுப்புரத்தில்தான். காலையில் ரயில் ஏறி உட்கார்ந்தால் முண்டியம்பாக்கம் வருவதற்குள் தூங்கிவிடுவேன், அவ்வளவு அலுப்பு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதச் சொன்னார்கள். நான் சாமர்த்தியமாகச் செய்த வேலைகள் நிறைய உண்டு. அவற்றைப் படித்து உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் சொதப்பியதை எழுதுகிறேன்.

1. ஐம்பதாயிரத்துக்குள்

ஏழுமலை மரக்காணம் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்துக்காரர். படகு எஞ்சின் மெக்கானிக், முப்பது வயதிருக்கும். மானிட்டர் தவிர்த்து ஐம்பதாயிரத்துக்குள் ஒரு கேமிங் பிசி வேண்டும் என்றார். எந்த கேம் ஆடுவீர்கள் என்று கேட்டேன், அதைப் பொறுத்துத்தான் கிராஃபிக்ஸ் கார்டு.

"எனக்கு கேம் பெருசா தெரியாதுண்ணா. என் தம்பி மஸ்கட்ல வேலை செய்யறான். போன் பண்ணா, நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அதோட முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் பேச்சே வராது. போன தபா லீவுக்கு வந்தப்ப அவன் லேப்டாப்ல ஆடக் கத்துக் குடுத்தான். ஆடிக்கினே பேசுனா ரெண்டு மணி நேரம் போறதே தெரியலண்ணா."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒழுங்காகச் செய்து கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். போன தலைமுறை ஆறு கோர் பிராசஸர் ஒன்று. கலர் கலராக எரியும் ரேம் வேண்டாம், சாதா எட்டு ஜிபி இரண்டு குச்சி. எஸ்எஸ்டி ஐந்நூறு ஜிபி போதும். கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை, அது போனால் தன்னோடு நாலைந்து பார்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். மிச்சம் பிடித்ததையெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டேன். இதையெல்லாம் உள்ளே வைக்கும் கேபினெட், முன்பக்கம் முழுக்க வலை வைத்து மூன்று ஃபேன் போட்டது. அந்த விலையில் அதைவிட நன்றாகக் காற்று வாங்கும் கேபினெட் கிடையாது.

ஏழுமலை அந்த வலையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ ஓட்டை எதுக்குண்ணா?"

"கேமிங்னா சூடாகும்பா. காத்து உள்ள போயி வெளிய வரணும்."

"எங்க ஊரு காத்து வேறண்ணா. எஞ்சினையே அரிச்சுப் போட்டுடும். சைக்கிள் செயினு ஆறு மாசம் தாங்காது."

அன்று அது எனக்கு ஐந்தாவது கொட்டேஷன். மதியச் சாப்பாடு இன்னும் டிபன் பாக்ஸில் இருந்தது. இத்தனை வருஷமாகச் செய்கிறேன், எனக்கே சொல்லித் தருகிறாரே என்று எரிச்சலும் வந்தது.

"பேஜாரு பண்ணாதப்பா. இது படகு எஞ்சின் இல்ல. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நம்பிவிட்டார்.

2. திரும்பி வந்த போர்டு

பத்து மாதம் கழித்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை. பக்கத்துத் தகட்டைக் கழற்றியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்க்ரூ எல்லாம் துரு. கார்டின் அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ரேம் ஸ்லாட்டின் பின்னில் பச்சைப் பாசி மாதிரி. வீட்டில் மெஷின் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். கடலைப் பார்த்த சன்னலுக்குக் கீழே, தரையில் ஒரு பலகை போட்டு வைத்திருக்கிறார். நான் கொடுத்த மூன்று ஃபேனும் பத்து மாதமாக உப்புக் காற்றை உள்ளே இழுத்துப் போட்டிருக்கின்றன. கார்டும் மற்றதும் பிழைத்துக்கொண்டன, எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு செத்துவிட்டது.

வாரண்டிக்குச் சென்னைக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் போர்டு அப்படியே திரும்பி வந்தது. ஸ்லிப்பில், ஈரத்தால் அரிப்பு, வாரண்டி கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளி ஸ்லிப்பைப் படித்தார்.

"பாஸ்கரு, தண்ணி பட்டிருக்குன்னு சொல்லி அனுப்பு."

"தண்ணி இல்ல சார். உப்புக் காத்து. நாம குடுத்த கேபினெட்டு."

"யோவ், அந்தக் கரையில நாலு பேரு இதே கேபினெட்டு வாங்கிக்கினு போயிருக்கான். ஒருத்தனுக்கு ஒத்துக்கினா நாலு பேரும் வந்து நிப்பான். ஸ்லிப்புல ஈரம்னுதான போட்டிருக்கு? அதைப் படிச்சுக் காட்டு."

தண்ணீர் பட்டால் ஓர் இடத்தில் திட்டாகத் தெரியும். உப்புக் காற்று என்றால் எங்கும் ஒரே சீராக இருக்கும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், ஏழுமலைக்குத் தெரியாது. முதலாளியிடம் மல்லுக்கு நிற்க அன்று எனக்குத் தெம்பு இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், என் தப்பு மறைகிறதே என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

ஏழுமலை வந்தார். ஸ்லிப்பைப் படித்துக் காட்டினேன்.

"தண்ணி பட்டிருக்குப்பா. வீட்ல யாராச்சும் தரை தொடைக்கும்போது பட்டிருக்கும்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை முதலாளி சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

ஏழுமலை முகம் மாறியது. செத்த போர்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், மிச்சம் கடையிலேயே கிடந்தது.

3. கவிதா வந்த நாள்

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு பெண் கடைக்கு வந்தார். கையில் பழைய புடவைத் துணியில் சுற்றிய மதர்போர்டு. ஏழுமலையின் மனைவி கவிதா என்று அவரே சொன்னார். மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை.

"அண்ணா, அவரு என்கூட சரியாப் பேசியே பத்து நாளாவுது. தம்பிகிட்ட பேசிக்கினு இருந்ததைக் கெடுத்துட்டியேன்னு ஒரே பேச்சு. நான் அந்தப் பலகை கிட்ட ஈரத்துணியே எடுத்துக்கினு போனதில்லண்ணா. பொட்டி இருக்குதேன்னு அங்க மட்டும் வெறும் வௌக்கமாறுதான் போடுவேன். ஆனா அவரு சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. ஒரு நாளு தெரியாம பட்டிருக்குமோன்னு." துணியைப் பிரித்து போர்டை மேஜைமேல் வைத்தார். "உங்களுக்குப் பாத்தா தெரியும் இல்ல? பாத்துச் சொல்லுங்கண்ணா. நான்தானா?"

போர்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"நீ இல்லம்மா. தண்ணியே படல. உப்புக் காத்து பூந்து அரிச்சிருக்குது. உன் வூட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, நான்தான் கேக்காம அந்தக் கேபினெட்டைக் குடுத்தேன். தண்ணின்னு சொன்னதும் நான்தான்."

உள்ளே இருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். கவிதா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இதையே அவருகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். பின்னால் ஏதோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் முடித்ததும் ஏழுமலை போனை வைத்துவிட்டார்.

மதர்போர்டும் கேபினெட்டும் என் செலவில் போட்டேன். முதலாளி அந்த மாதம் முழுக்க என்னை "பாஸ்கர் சார்" என்று கூப்பிட்டுக் குத்திக் காட்டினார், ஆனால் தடுக்கவில்லை. இந்த முறை முன்பக்கம் அடைத்த கேபினெட், ஒரே ஃபேன், அதற்கு ஃபில்டர். உள்ளே சூடு ஏறாமல் இருக்க பிராசஸரின் வாட்டைக் குறைத்து செட் செய்தேன். கேமில் கொஞ்சம் வேகம் குறையும், தம்பியோடு பேசுவதற்கு அது தாராளம்.

ஏழுமலை எடுத்துப்போக வந்தார். டிஸ்பிளே வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மன்னித்துவிடு என்றேன்.

"போர்டை விடுங்கண்ணா, அதான் மாத்திட்டீங்களே" என்றார். "நான் அவளை, நீதானன்னு தெனம் கேட்டுக்கினே இருந்தேன். ஒரு நாளு அவ, சரி, நான்தான் ஊத்தினேன், வுடுன்னுட்டா. செய்யாததைச் செஞ்சேன்னு ஒத்துக்கினாண்ணா, என் வாய அடைக்க. அதை எப்பிடிண்ணா மாத்தறது?"

கேபினெட்டை அட்டைப் பெட்டியில் வைத்து, பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

கவுண்டருக்குப் பின்னால் நிற்கப்போகிற உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இரண்டுதான். பட்ஜெட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், மெஷின் எந்த ஊரில், எந்தச் சன்னல் பக்கம் உட்காரப்போகிறது என்று கேளுங்கள். ஒரு பார்ட் உங்களால் கெட்டிருந்தால் உங்களால்தான் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் அசிங்கப்படுவீர்கள், சம்பளத்தில் கொஞ்சம் போகும். சொல்லாமல் விட்டால் அந்தப் பழி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய், அங்கே ஒன்றும் தெரியாத ஒருத்தி தலையில் விடியும்.