தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் நாகூர்ப் பயணமும்

போன ஜனவரிக் கடைசியில், சம்பா அறுவடை மும்முரத்தில், தஞ்சாவூரிலிருந்து நாகூர் போய் வந்தோம். நான், என் ஏழு வயது மகள் யாழினி, தோழி லேனா. யாழினியைத் தத்தெடுத்தோம் என்பது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. எப்படிச் சொல்வது என்று கேட்கத்தான் லேனாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் தஞ்சாவூரில் பிறந்து, கைக்குழந்தையிலேயே டென்மார்க்குக்குத் தத்துப் போனவள். தமிழில் பத்து வார்த்தை தெரியும், அதில் நாலு பலகாரம்.

காலை ஏழு மணிக்குக் கார். போக வர நாலாயிரம் ரூபாய், டிரைவர் பேட்டா தனி. தூரம் தொண்ணூறு கிலோமீட்டர்தான், ஆனால் ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டே பிடித்துக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலத்தில் டீ. யாழினி அறுவடை மெஷினை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது லேனாவிடம் கேட்டேன், உனக்கு எப்போது சொன்னார்கள் என்று. சிரித்தாள். "யார் சொல்லணும்? வீட்டில் என்னைத் தவிர எல்லாரும் வெள்ளை. கண்ணாடியே சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில்தான், உன் நிஜ அம்மா எங்கே என்று கேட்டே உயிரை எடுத்தார்கள்," என்றாள் ஆங்கிலத்தில். எங்கள் கதை நேர் எதிர். விஷயம் தெரியாதவர்கள் யாழினியைப் பார்த்து "அப்படியே அம்மா மூக்கு" என்பார்கள், நானும் பூரித்துப்போய்த் தலையாட்டுவேன். எது தேவலை என்று லேனாவையே கேட்டேன். அவள் இன்னொரு டீ சொன்னாள்.

திருவாரூர் தாண்டியதும் யாழினி டிரைவரிடம் பேர் கேட்டாள்.

"பக்கிரிசாமி, பாப்பா. எனக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கல. அதான் நாகூர் ஆண்டவருக்கு வேண்டிக்கிட்டு இந்தப் பேர வச்சாங்க. அதோட விட்டாங்களா? என்னைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு, ஒரு படி தவிடு குடுத்துத் திரும்ப வாங்குனாங்க. தவிட்டுக்கு வாங்குன புள்ளைய எமன்கூட சீந்த மாட்டானாம்!"

யாழினி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "அம்மா, என்னையும் அப்படி வாங்குனியா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். லேனாவுக்குக் கேள்வி புரியவில்லை, ஆனால் என் முகம் புரிந்தது, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கல கண்ணு. உன்னை வேற ஒரு அம்மா பெத்தாங்க. அவங்களால வளர்க்க முடியல. அப்பாவும் நானும் போய் உன்னைக் கூட்டிக்கிட்டு வந்தோம். லேனா ஆன்ட்டியும் அப்படித்தான்."

பக்கிரிசாமி காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். தர்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் யாழினி கேட்டாள், "அந்த அம்மா தவிடு கொண்டுவந்தா என்னைத் திருப்பிக் குடுத்துடுவியா?"

"ஒரு லாரி கொண்டுவந்தாலும் தர மாட்டேன்."

தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு: உள்நாடோ வெளிநாடோ, பதிவு அரசாங்க இணையதளத்தில்தான், இடைத்தரகரை நம்பாதீர்கள். வெளிநாட்டவருக்கு அந்த நாட்டு அனுமதி, குழந்தைக்குப் பாஸ்போர்ட் என்று காகிதம் கூடுதல். குழந்தையிடம் சீக்கிரமே சொல்லிவிடச் சொல்லி எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்த சமூகப் பணியாளர் படித்துப் படித்துச் சொன்னார். நான் தள்ளிப்போட்டேன். நீங்கள் போடாதீர்கள். நாகூருக்கு வியாழன், வெள்ளி தவிர்த்துப் போனால் கூட்டம் குறைவு.

திரும்பும் வழியில், "அந்த அம்மா மூக்கு எப்படி இருக்கும்?" என்றாள் யாழினி. தெரியாது என்றேன், லேனாவுக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். "எனக்கும் தெரியாது," என்றாள் லேனா, தமிழில். இரண்டு பேரும் கார்க் கண்ணாடியில் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் யாழினி என் மூக்கை உற்றுப் பார்த்தாள்.

"உன் மூக்கு மாதிரி இல்லவே இல்லம்மா."

"ஆமா கண்ணு," என்றேன், "இல்லவே இல்ல."